தலைக்கட்டும் தசமபாகமும்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் முதல் நாளன்று நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கை வெளியாகிறது. அதற்கு முன்னும் பின்னும் சில நாள்களுக்கு வரியைப் பற்றிய பேச்சு நம் ஊர்களிலும் சூடுபிடித்துவிடும். செங்கல்பட்டு நிலையத்தில் மின்சார இரயிலுக்குக் காத்திருப்போர் முதல் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் தேநீர் அருந்துவோர் வரை அனைவரும் அந்நாள்களில் பொருளாதார வல்லுநர்களே! அண்மைக் காலமாக இப்பேச்சுகளில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டி வருகிறது. "இத்தனை படிநிலைகளும் விலக்குகளும் எதற்கு? ஏழை, செல்வர் என்று பாராமல் எல்லார்க்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே விகிதத்தில் வருமான வரி விதித்துவிட்டால் என்ன?" என்பதே அக்கேள்வி.

கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும் கேள்வி இது. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்றால், வரியின்முன் மட்டும் ஏன் வேறுபாடு? பத்து ரூபாய் ஈட்டுபவன் ஒரு ரூபாயும், நூறு ரூபாய் ஈட்டுபவன் பத்து ரூபாயும் கொடுத்தால் அதுவே சமத்துவம் அல்லவா? பொருளியல் நூல்கள் இதனை விகித வரி என்று அழைக்கும். வருமானம் உயர உயர விகிதமும் உயர்ந்துகொண்டே போவது வளர்வீத வரி. நம் நாட்டில் வருமான வரி பன்னெடுங்காலமாக இவ்விரண்டாம் வகையிலேயே நிலைபெற்றுள்ளது.

ஆன்மீக நலம் பேசும் இதழொன்றில் இத்தகைய பொருளை எடுத்துக்கொள்வானேன் என்று சிலர் வினவலாம். சமம் எது, நீதி எது என்ற கேள்வி இதனுள் ஒளிந்திருப்பது ஒரு காரணம். நாட்டுக்கு வரி விதிக்கும் அதிகாரம் நமக்கு இல்லையெனினும், நம் ஊரிலும் பங்கிலும் நாமே வரி விதிப்பவர்களாய் இருக்கிறோம் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் காரணத்துக்குப் பின்னர் வருவோம்.

முதலில், ஒரே விகிதம் வேண்டும் என்போரின் தரப்பை நேர்மையோடு கேட்போம். நாம் முப்பத்தோர் ஆண்டுகள் உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றோம். ஒவ்வோர் ஆண்டும் தைத் திங்களில் ஆசிரியர் அறையில் நிகழ்வது என்ன? வீட்டு வாடகை ரசீதுக்கு ஒருவர் அலைவார். ஆயுள் காப்பீட்டுச் சீட்டைத் தேடி ஒருவர் வீட்டுப் பரணில் ஏறுவார். சேமிப்புப் பத்திரம் வாங்கப் பணமில்லாமல் கடன் வாங்குவார் வேறொருவர். கணக்கு ஆசிரியர்கூட அந்தப் படிவத்தை நிரப்ப மற்றவர் துணையை நாடுவார். இவ்வளவும் செய்தபின், நம் ஊதியத்தின் ஒவ்வொரு காசும் கருவூலத்துக்குத் தெரியும். வரி பிடித்தமான பிறகே ஊதியம் கைக்கு வரும். கடைத்தெருவிலோ, நம்மைப் போல் பன்மடங்கு ஈட்டுபவர் சிலர் நம்மைவிடக் குறைந்த வருமானத்தைக் காட்டி நிம்மதியாக இருப்பர். "முறை எளிதாயிருந்தால் ஏய்ப்புக்கு இடமிராது" என்று ஒரே விகிதத்தை விரும்புவோர் கூறும்போது, மாத ஊதியக்காரர் எவருடைய தலையும் தானாக அசையத்தான் செய்யும்.

வரலாறும் அவர்களுக்கு ஒரு சான்று அளிக்கிறது. 1973–74ஆம் ஆண்டில் நம் நாட்டில் வருமான வரிக்குப் பதினொரு படிகள் இருந்தன. உச்சப் படியில் அடிப்படை வரி 85 விழுக்காடு. அதன்மேல் கூடுதல் வரி 15 விழுக்காடு. ஆக மொத்தம் 97.75 விழுக்காடு. அதாவது, அப்படியைத் தொட்டவர் மேலும் நூறு ரூபாய் ஈட்டினால் அவர் கையில் தங்குவது இரண்டேகால் ரூபாய்! அத்தகைய விகிதம் நேர்மையாளரையும் கள்ளக் கணக்கின் பக்கம் தள்ளும் என்பதை 1971இல் அறிக்கையளித்த வாஞ்சூ குழுவே சுட்டிக்காட்டி, உச்ச விகிதத்தை 75 விழுக்காட்டுக்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. பின்னர் விகிதம் படிப்படியாக இறங்கியது. 1985இல் வி. பி. சிங் எட்டுப் படிகளை நான்காக்கி, உச்ச விகிதத்தை 50 விழுக்காட்டுக்குக் கொணர்ந்தார். 1997இல் நம் சிவகங்கைத் தொகுதியின் ப. சிதம்பரம் 10, 20, 30 என மூன்றே படிகளை வைத்தார். கருவூலம் அதனால் வற்றிப்போய்விடவில்லை. எனவே, அளவுகடந்த விகிதம் அறமும் ஆகாது, வருவாயும் தராது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், படிகள் மிகுதியாயிருந்தன என்பதனால் படிகளே வேண்டா என்று முடிவு செய்துவிடலாமா? மாடிப்படி செங்குத்தாயிருந்து ஒருவர் விழுந்தார் என்பதற்காக மாடிப்படியே இல்லாத வீடு கட்டுவார் உண்டோ? சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2025–26ஆம் நிதியாண்டுக்குரிய புதிய முறையின்படி, வருமானம் 4 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை. அதற்குமேல் ஒவ்வொரு 4 இலட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என விகிதம் ஏறி, 24 இலட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 30 விழுக்காடாகிறது. 12 இலட்சம் வரை வருமானம் உடையோர்க்குத் தள்ளுபடியின் வழியாக வரியே இல்லாமற் போகிறது. இம்முறையில் 8 இலட்சம் ஈட்டுபவர் ஒன்றும் கட்டவேண்டியதில்லை. 24 இலட்சம் ஈட்டுபவர் 3 இலட்சம் கட்டுவார். 50 இலட்சம் ஈட்டுபவர் 10 இலட்சத்து 80 ஆயிரம் கட்டுவார். (துணை வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை.) இதற்குப் பதிலாக, விலக்கு ஏதுமின்றி எல்லார்க்கும் 10 விழுக்காடு என்று வைத்துப் பாருங்கள். 8 இலட்சத்துக்காரர் புதிதாக 80 ஆயிரம் கட்டுவார். 50 இலட்சத்துக்காரரின் வரியோ 5 இலட்சமாகச் சுருங்கும்.

"அடித்தட்டினர்க்கு விலக்கு அளித்துவிட்டு மற்றவர்க்கு ஒரே விகிதம் வைப்போம்" என்று நல்லெண்ணத்தோடு சொல்வாரும் உண்டு. 4 இலட்சத்தை விலக்கி, எஞ்சியதற்கு 20 விழுக்காடு விதிப்பதாகக் கொள்வோம். இப்போது 8 இலட்சத்துக்காரர் 80 ஆயிரமும், 24 இலட்சத்துக்காரர் 4 இலட்சமும், 50 இலட்சத்துக்காரர் 9 இலட்சத்து 20 ஆயிரமும் கட்டுவர். முதல் இருவருக்கும் சுமை கூடுகிறது. மூன்றாமவர்க்கு மட்டும் 1 இலட்சத்து 60 ஆயிரம் குறைகிறது. மறைமலை நகர்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராய் இருப்பவர், பங்களாவில் வாழ்பவரின் சுமையில் ஒரு பகுதியைத் தம் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். அதுமட்டுமா? விலக்கு என்று ஒன்றை ஏற்ற அந்நொடியிலேயே, 'வருமானம் எவ்வளவாயினும் எல்லாரும் ஒன்று' என்ற கொள்கையை அவர்களே கைவிட்டுவிடுகிறார்கள். குறைந்த வருமானத்தில் ஒரு ரூபாயின் அருமை வேறு, மிகுந்த வருமானத்தில் அதன் அருமை வேறு என்பதை ஒப்புக்கொண்ட பின்னர், அவ்வுண்மை 4 இலட்சத்தோடு நின்றுபோகும் என்பது எவ்வாறு பொருந்தும்?

எல்லார்க்கும் ஒரே அளவு என்ற வரியை நம் கடற்கரை ஒரு காலத்தில் நன்றாகவே சுவைத்திருக்கிறது. கோவளம் தொட்டுச் செய்யூர், மரக்காணம் வரை நீளும் இக்கரையில் உப்பு விளைந்தது. மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்னைக்குச் சென்றன. சென்னை மாகாணத்தில் உப்பு 1805இலேயே கும்பினியாரின் தனியுரிமை ஆகிவிட்டது. மாளிகையில் வாழ்பவர் உண்ணும் உப்பும் குப்பத்தில் வாழ்பவர் உண்ணும் உப்பும் ஏறத்தாழ ஓரளவே. வெயிலில் உழைத்து வியர்வை சிந்துபவருக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். ஆகவே, உப்பு வரி பெயரளவில் எல்லார்க்கும் சமம். உண்மையில் ஏழையின் வருமானத்திலிருந்து செல்வரைவிடப் பெரிய பங்கைக் கொண்டுபோகும். பொருளியலார் இதனைத் தேய்வீத வரி என்பர். கரையில் கருவாடு போடும் மீனவர்க்கோ இது இரட்டைச் சுமை. அதை உணர்ந்தே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் அரசே வரியில்லா உப்பு வழங்கும் மீன் உப்பிடு களங்களைச் சென்னை மாகாணக் கரையோரம் அமைக்க நேர்ந்தது.

இதே காலத்தில் செல்வர்மீது விதித்த வருமான வரியின் கதை என்ன? 1857 எழுச்சியை அடக்கிய செலவை ஈடுகட்ட, 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைப் புகுத்தினார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு விலக்கு. 500 ரூபாய் வரை 2 விழுக்காடு. அதற்குமேல் 4 விழுக்காடு. முதல் வருமான வரியே படிகளோடுதான் பிறந்தது! அப்போது சென்னையின் ஆளுநராய் இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். செலவைக் குறைத்தாலே போதும், இந்நாட்டு மக்களுக்கு இவ்வரி ஒவ்வாது என்பது அவர் வாதம். தம் எதிர்ப்புக் குறிப்பை அவரே வெளியிட்டதால் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பெற்றார். பின்னர் நிதி உறுப்பினராக அவரே மீண்டும் இந்தியா வந்தார்; 1865இல் அவ்வரி முடிவுக்கு வந்தது. சில ஆண்டுகளில் மறுபடியும் விதிக்கப்பட்ட வரியை 1873இல் மீண்டும் கைவிட்டனர்.

மூன்றே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் முழுதும் மக்கள் பசியால் மடிந்தனர். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாகப் பட்டினி கிடந்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டதே. அந்தப் பஞ்சத்தின் இறுதிக் கட்டத்தில் அரசு ஒரு சீர்திருத்தம் செய்தது. மாகாணத்துக்கு மாகாணம் உப்பு வரி வேறுபடுவது முறையன்று, எங்கும் ஒத்த அளவாக்க வேண்டும் என்று கூறி, சென்னையிலும் பம்பாயிலும் மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாய் இருந்த வரியை 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தியது. வங்காளத்தில் சற்றுக் குறைத்தது. சமம் என்ற சொல் பஞ்ச காலத்தில் நம் முன்னோரின் கஞ்சிக் கலயத்தில் இவ்வாறுதான் வந்து விழுந்தது. அவ்வேளையில் செல்வர்க்கு வருமான வரி இல்லை. 1886இல்தான் அது நிலையாக வந்தது.

1930 மார்ச் 2ஆம் நாள் காந்தியடிகள் அரசப் பிரதிநிதி இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் கணக்காகவே போட்டுக் காட்டினார். இர்வினின் மாத ஊதியம் 21,000 ரூபாய். சராசரி இந்தியரின் நாள் வருமானமோ இரண்டு அணாவுக்கும் குறைவு. இருவரும் உப்புக்கு ஒரே வரி கட்டினர்! அவ்வாண்டு ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். இறுதியில் 1947–48ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் உப்பு வரியை ஒழித்தார். அதே அறிக்கையில் பெரும் வணிக இலாபத்தின்மீது புதிய வரியொன்றை விதித்தார். சுமை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறிய நாள் அது.

இனித் திருநூலைப் புரட்டுவோம். விடுதலைப் பயண நூலின் முப்பதாம் அதிகாரத்தில் அரைச் செக்கேல் காணிக்கையைப் பற்றிய கட்டளை உள்ளது. செல்வர் அதற்குமேல் தரவேண்டா; ஏழை அதற்குக் குறைத்துத் தரக்கூடாது என்பது அங்குள்ள விதி. இது அப்பட்டமான தலைவரி! தசமபாகமோ பத்தில் ஒன்று; ஒரே விகித வரியின் தாய் என்று அதனைச் சொல்லலாம். ஒரே விகிதத்தை விரும்பும் கிறிஸ்தவ அன்பர்கள் இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆனால், லேவியர் நூலையும் அவர்கள் உடன்சேர்த்துப் படிக்க வேண்டும். பாவப் பரிகாரமாக ஆட்டுக்குட்டி செலுத்த இயலாதவன் இரு புறாக்களைத் தரலாம். அதற்கும் இயலாதவன் சிறிதளவு மாவைத் தந்தால் போதும் என்று ஐந்தாம் அதிகாரம் படிப்படியாக இறங்கி வருகிறது. அன்னை மரியாவும் சூசையப்பரும் பாலன் இயேசுவைக் கோவிலில் அர்ப்பணித்தபோது இந்த இரண்டாம் படியில் நின்றே காணிக்கை செலுத்தினர் என்பதை லூக்கா நமக்குக் குறித்து வைத்துள்ளார்.

அரைச் செக்கேல் ஏன் சமமாயிருந்தது? அது உயிருக்கான மீட்புப் பணம். ஓர் உயிர் மற்றோர் உயிரைவிட விலை மிகுந்ததன்று என்று காட்டவே அந்தச் சமம். அதே கோவில் வரியைத் தண்டுவோர் பிற்காலத்தில் பேதுருவை அணுகியபோது, ஆண்டவர் அவரைத் தூண்டில் போட அனுப்பினார் என்று மத்தேயு கூறுகிறார். மீனின் வாயில் கிடைத்த நாணயம் இருவருக்கும் போதுமானதாயிற்று. எல்லார்க்கும் ஒரே அளவான வரி, ஒரு மீனவரிடம் வரும்போது என்ன ஆகிறது என்பதை நம் கரையோர மக்கள் இப்பகுதியைப் படிக்கும்போது நன்கு உணர்வர்.

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையையோ நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! எனினும், ஆண்டவர் அங்குப் போட்ட கணக்கை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. பெட்டியில் விழுந்தது எவ்வளவு என்று அவர் எண்ணவில்லை. போட்டபின் ஒவ்வொருவர் கையிலும் எஞ்சியது எவ்வளவு என்றே பார்த்தார். மற்றவர்க்கு மிகுதி எஞ்சியது. அவளுக்குப் பிழைப்புக்கானதும் எஞ்சவில்லை. வளர்வீத வரியின் அடிப்படை இதைவிட எளிதாக எந்த நூலிலும் விளக்கப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் தம் 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலில், நீதியான வரி முறையில் சுமையானது செலுத்துவோரின் ஆற்றலுக்கு ஏற்ப அமையவேண்டும் என்று கற்பித்ததும் இதையொட்டியே. வரியை ஏய்ப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டித்திருப்பதையும் நாம் மறந்துவிடலாகாது. வரி நீதியாயிருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை, அதனைச் செலுத்துபவனுக்கே உண்டு.

நம் பங்கின் கதைக்கு இப்போது வருவோம். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் இடையே விரிந்து கிடப்பது நம் பங்கு. ஒரு முனையில் மகேந்திரா சிட்டி, மறைமலை நகர்ப் பணியாளர்கள். மறுமுனையில் கண்ணாடியிழைப் படகுக்காரர்களும் மீன்கூடை சுமக்கும் பெண்களும் கல்தச்சர்களும். சில ஆண்டுகளுக்குமுன் ஆலயக் கூரையைப் பழுது பார்க்கவும் திருவிழாவுக்கும் ஆறு இலட்சம் ரூபாய் தேவைப்பட்டது. குடும்பங்கள் 240. பழைய வழக்கப்படித் தலைக்கட்டுக்கு 2,500 ரூபாய் என்று பேரவை முடிவு செய்தது. ஒரு நிமிடத்தில் முடிந்த கணக்கு!

கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அத்தொகை தண்டப்பட்டது. கரையோரத்தைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் தண்டல்காரரிடம் கடன் வாங்கி அதனைக் கட்டினார் என்பதும், நாள்தோறும் கூடை இறக்கியதும் முதல் வேலையாக அவருக்குத் தவணை கொடுத்து வந்தார் என்பதும் திருவிழா முடிந்தபின்னரே வெளிப்பட்டன. கல்தச்சர் ஒருவர் கட்ட இயலாமல், நாணத்தால் ஞாயிறு திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் மகளின் புதுநன்மையும் அவ்வாண்டு தள்ளிப்போயிற்று.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இது பெரும் வாதமாயிற்று. "இயலாதவர்க்கு முழு விலக்கு அளித்துவிடலாம்" என்று நகர்ப்பகுதி உறுப்பினர் சிலர் கூறினர். நாமும் அதையே சரியென்று நினைத்தோம். அப்போது அந்த அம்மாள் எழுந்தார். பங்குத்தந்தையை நோக்கி, "ஏழைன்னு சொல்லி எங்கள ஒதுக்கிடாதீங்க சாமி. குடுக்காதவ பேச்சு சபையில எடுபடாது. நாங்களும் குடுக்குறோம், முடிஞ்சதக் குடுக்குறோம்" என்றார். அரைச் செக்கேலின் பொருளை நாம் அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம். தருபவரே சபையில் ஒருவர் என்று எண்ணப்படும் ஊரில், முழு விலக்கு என்பது வெளியேற்றமாகவும் ஆகிவிடும். மறுபுறம், மிகுதியாகத் தருபவர் கொடி தூக்கும் முதல் மரியாதையையும் தமக்கே கேட்பார் என்ற அச்சமும் கரையோரத்தார்க்கு இருந்தது. ஒரே அளவு என்ற பழைய முறையை அவர்கள் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

மூன்று கூட்டங்களுக்குப்பின் ஒரு முடிவு பிறந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் 500 ரூபாய் பொது. மாத வருமானம் 20,000 வரை உள்ளோர்க்கு அவ்வளவே. 50,000 வரை உள்ளோர் அதனோடு ஒருநாள் வருமானம். ஓர் இலட்சம் வரை உள்ளோர் இருநாள் வருமானம். அதற்குமேல் உள்ளோர் மூன்றுநாள் வருமானம். தொகையை அவரவரே கணக்கிட்டு உறையிலிட்டுத் தரவேண்டும். யார் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை. கொடியேற்ற மரியாதை சீட்டுக் குலுக்கி ஒரு குடும்பத்துக்கு. முதலாண்டில் ஐந்து இலட்சத்துப் பத்தாயிரமே சேர்ந்தது. தொண்ணூறாயிரம் குறைந்ததால் வாணவேடிக்கையையும் மின்விளக்கு அலங்காரத்தையும் கைவிட்டோம். உறைகளில் சில, உள்ளதைவிட மெலிந்திருந்தன என்பது எல்லார்க்கும் தெரியும். ஆயினும், அவ்வாண்டு தண்டல்காரரிடம் எவரும் போகவில்லை. கல்தச்சரின் மகள் புதுநன்மை பெற்றாள்.

இச்சிறு அனுபவத்தை நாட்டின் கருவூலத்தோடு ஒப்பிடுவது மிகையாகலாம். எனினும், இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. உறை மெலிந்ததற்குக் காரணம் படிகள் அல்ல. வருமானத்தை மறைக்கும் மனமே. ஒரே விகிதம் வைத்தாலும் அம்மனம் மறைக்கத்தான் செய்யும். சட்டம் சிக்கலாயிருப்பதும் படிகளால் அன்று. படிகளின் அட்டவணை அரைப்பக்கத்தில் அடங்கும். 2026 ஏப்ரல் முதல் நாளை நடைமுறை நாளாகக் கொண்டு இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் 536 பிரிவுகள் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி வருமானம் எது, செலவு எது, விலக்கு எது என்பதை வரையறுப்பதற்கே. எளிமை வேண்டுமெனில் விலக்குகளையும் சந்துபொந்துகளையும் குறைக்க வேண்டும். அதற்குச் செல்வரின் விகிதத்தைக் குறைப்பது எதற்கு?

பிற நாடுகளின் பட்டறிவும் நமக்கு உதவும். எஸ்தோனியா 1994இல் ஒரே விகிதத்தை ஏற்றது. 2001இல் உருசியா எல்லார்க்கும் 13 விழுக்காடு என்று வைத்தபோது உலகமே வியந்து பேசியது. அதே உருசியா 2021இல் உயர் வருமானத்துக்கு 15 விழுக்காட்டைச் சேர்த்தது. 2025 முதல் 13இல் தொடங்கி 22 வரை ஐந்து படிகளாக்கிவிட்டது. 2004இல் 19 விழுக்காட்டை ஏற்ற சுலோவாக்கியா 2013இல் அதனைக் கைவிட்டது. பல்கேரியாவோ 2008 முதல் 10 விழுக்காட்டிலேயே நின்றது. எனவே, இம்முறை நடவாத ஒன்று என்று நாம் சொல்லவில்லை. பணம் மிகுதியாகத் தேவைப்படும் காலத்தில், தரக்கூடியவரிடம் கூடுதலாகக் கேட்கும் வழியை அது அடைத்துவிடுகிறது என்றே சொல்கிறோம்.

அவ்வழி அடைபட்டால் சுமை எங்கே போகும்? அண்டையிலுள்ள இலங்கையைப் பாருங்கள். 2019 இறுதியில் அங்கு வருமான வரியும் மதிப்புக் கூட்டு வரியும் பெரிதும் குறைக்கப்பட்டன. 2022இல் நாடு கடனைத் திருப்பித் தர இயலாத நிலைக்கு வீழ்ந்தது. வரிக்குறைப்பு மட்டுமே அதற்குக் காரணமன்று. எனினும் அதுவும் ஒரு காரணம். 8 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்ட மதிப்புக் கூட்டு வரி 2024 சனவரியில் 18 விழுக்காடாயிற்று. யாழ்ப்பாணத்து மீனவரும் மலையகத்துத் தேயிலைத் தொழிலாளரும் கடையில் பொருள் வாங்கும்போதெல்லாம் அதனைச் செலுத்துகின்றனர்.

நம் நாட்டிலும் ஏழை வரி கட்டுவதில்லை என்பது பொய். கூடைக்கார அம்மாள் வாங்கும் சோப்பிலும் அலைபேசி ஊட்டுத்தொகையிலும் சரக்கு, சேவை வரி இருக்கிறது. பெருஞ்செல்வரும் அதே பொருளுக்கு அதே வரியைத்தான் கட்டுகிறார். ஒரே விகித வரி நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறது, கடைதோறும் இருக்கிறது. தொழில் வரியையும் பாருங்கள். ஒருவர் எத்தனை கோடி ஈட்டினாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்குமேல் அவ்வரியை விதிக்கலாகாது என்று 1988இல் திருத்தப்பட்ட அரசமைப்புச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. 1957இல் வந்த செல்வ வரியும் 2015இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆக, மேலே போகப் போகக் கூடுதலாகக் கேட்கும் வரிகளுள் எஞ்சி நிற்கும் பெரியது வருமான வரியே. தராசின் ஒரு தட்டில் கடைவரிகள் இருக்க, மறுதட்டில் இருக்கும் இந்த ஒற்றை எடைக்கல்லையும் எடுத்துவிட்டால் தராசு எப்பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அன்பர்களே, படிகள் குறைவாயிருக்கட்டும். உச்ச விகிதம் உழைப்பை முடக்காத அளவில் நிற்கட்டும். படிவம் ஆசிரியரை ஏய்க்காதிருக்கட்டும். ஆனால், படிகள் இருக்கட்டும். இதுவே நம் எளிய முடிவு. மாற்றுக் கருத்துடையோர் எழுதினால் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறோம். அதற்குள், அடுத்த திருவிழாவுக்கு உங்கள் ஊரில் தலைக்கட்டு எழுதும்போது, ஏட்டை மூடுமுன் கரையோரத்துப் பெயர்கள் சிலவற்றின் எதிரே ஒருகணம் நின்று, கொடுத்தபின் அவ்வீட்டில் எஞ்சுவது என்ன என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயருக்கு எதிரேயும் அதே கேள்வியைக் கேட்டபின், தொகையை நிரப்புங்கள்.